மொரிஸ் மைனரின் பிரேக்குக்கு வாங்கிய வாக்குவம் பம்ப்: எங்கே உதவும், எங்கே காணாது

டிரம் பிரேக் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் குழாய்களில் உள்ள பழைய ஒயிலையும் காற்றையும் வெற்றிடத்தால் உறிஞ்சி எடுக்கும், கையால் இழுக்கும் இந்த வாக்குவம் பம்பை வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பெட்டியின் மேலே போட்டிருக்கும் "ஒரே ஆள் போதும்" என்ற வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம். வேலையின் முதல் பாதியை இது மிக நன்றாகச் செய்கிறது. கடைசிக் காற்றை வெளியே எடுப்பதற்கு இன்னொருவருடைய கால் பெடலில் இருக்கத்தான் வேண்டும். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

என்னுடையது 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. 1098 சிசி எஞ்சின், இலங்கையின் பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. இந்த எஞ்சினோடு வந்த கார்களுக்கு முன் டிரம் எட்டு அங்குலம்; அதற்கு முந்தியவற்றுக்கு ஏழு. பின்னால் எல்லாவற்றுக்கும் ஏழுதான். ஒயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவை டிரம்மோடு தள்ளும் வீல் சிலிண்டர் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று, ஆக மொத்தம் ஆறு. பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டர் எதுவும் கிடையாது. இன்னொன்று, நான்கு சில்லுக்கும் பிரேக் ஒயில் போவது ஒரே வழியால்தான். எங்காவது ஒரு றப்பர் விட்டுக்கொடுத்தால் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹான்ட் பிரேக் மட்டும். அதனால் இந்தக் காரில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் பிரேக்கை நான் தள்ளிப்போடுவதில்லை.

இம்முறை வேலை தொடங்கியதற்குக் காரணம் இடது பின் சில்லு. ரயரின் உட்பக்கத்தில் ஈரம் தெரிந்தது. டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் தூசி மூடியை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒயில் நின்றது. ஒன்று ஒழுகத் தொடங்கினால் அதே வயதுடைய மற்ற ஐந்தும் பின்னால் வரும். எனவே ஆறு சிலிண்டரையும் மூன்று றப்பர் ஹோஸையும் ஒன்றாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். ஹோஸ் முன்னால் இரண்டு, பின் அக்சிலுக்கு ஒன்று. வெளியே வெடிப்பே இல்லாத ஹோஸ்கூட உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் பெடலை விட்ட பிறகும் அந்தச் சில்லு இறுகியே நிற்கும்.

சாமான் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பார்சலில் வந்தது. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 வரை மூடிக்கிடந்த காலத்தில் பழைய கார்களைத் தேடிச் செப்பனிடுவோர் தொகை கூடியது. அதனால் மைனர் சாமானுக்கு இப்போதும் நல்ல கேள்வி இருக்கிறது. வாங்கும்போது காரின் ஆண்டை மட்டும் சொல்லாதீர்கள், டிரம்மை அளந்து சொல்லுங்கள். அறுபது வருடத்தில் எத்தனையோ கைகள் மாறியிருக்கும். ஏழங்குலக் காருக்கு எட்டங்குல முன் பிரேக்கை யாராவது பூட்டியிருக்கலாம். பழைய சிலிண்டரையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளை, புரி, குழாய் வந்து உட்காரும் இடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நான் பழையதை எறிவேன்.

பம்பை ஒன்லைனில் எடுத்தேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் வந்தது. பெரிய பெயர் ஏதும் இல்லாத சாதாரண செட். கருப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு கைப்பம்ப், அதன் தலையில் கேஜ், வெள்ளைக் கண்ணாடி போன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தல், அதற்கு இரண்டு வாய் உள்ள மூடி, இரண்டு மூன்று துண்டு ரியூப், நிப்பிளில் (சில்லில் காற்றெடுக்கத் திறக்கும் சிறு திருகு) செருக கூம்பு வடிவ றப்பர்கள். பம்ப் உடம்பு உலோகம். கைபிடியில் ஆட்டம் இல்லை. வந்தவுடனே நான் செய்தது ஒரு சின்னச் சோதனை. வாயை விரலால் பொத்திக்கொண்டு நாலு இழுவை இழுத்தால் ஊசி 20 அங்குலத்தை (வெற்றிடத்தை அளக்கும் பாதரச அங்குலம்) தாண்டவேண்டும். தாண்டியபின் இறங்காமல் நிற்கவேண்டும். கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் என்பதே ஏறக்குறைய 30 அங்குலம், அதனால் 20 என்பது நல்ல இழுவை. ஊசி இறங்கினால் பம்பின் உள் றப்பர் சரியில்லை, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னுடையது நின்றது.

பம்புக்கு முன்னால் இரண்டு விடயம் சொல்லியாக வேண்டும். காரை ஜக்கில் மட்டும் விட்டுவிட்டுச் சில்லுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்ய வேண்டாம். இரும்புத் தாங்கி கட்டாயம், தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டையும் கட்டாயம். முற்றத்து மணலில் தாங்கியின் கால் புதையும், கீழே தடித்த பலகை வையுங்கள். மற்றது டிரம்முக்குள் இருக்கும் தூசி. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. வாயால் ஊதுவதும் கொம்பிரசரால் அடிப்பதும் அந்தத் தூசியை நேரே நெஞ்சுக்குள் அனுப்பும். எங்கள் ஊர்க் கராச்சுகளில் இன்றைக்கும் ஊதுகிறார்கள், பார்க்கவே மனம் பதறும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

சாவி எல்லாம் அங்குல அளவு. பிரேக் குழாய் நட்டுகளுக்கு 7/16. அது 11 மில்லிமீற்றரைவிட ஒரு மயிரிழை பெரிது. மில்லிமீற்றர் சாவியை வலிந்து போட்டால் மூலைகள் உருண்டு போகும். உருண்ட நட்டைக் கழற்றக் குழாயையே வெட்டவேண்டி வரும். கறள் பிடித்த நிப்பிளுக்கு முதல்நாள் பின்னேரமே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

இப்போது பம்புக்கு வருகிறேன். மொரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் சிலிண்டர், இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். அது பொனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலுக்கு நேர்கீழே, சேசிஸின் நீளச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கி, தரைத் தகட்டைக் கழற்றி, அந்தத் துளைக்குள்ளால்தான் மூடியைத் திறக்கவேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை எல்லாம் பிரஷ்ஷால் கூட்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு துகள் உள்ளே விழும். முந்தி நான் பழைய ஒயிலை எடுத்தது ஊசி போடும் சிரிஞ்சினால். குறுகிய இடம், கை திரும்பாது, இரண்டு சொட்டு தவறினால் பெயின்ற் போய்விடும். பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். இந்தப் பம்பின் ரியூப்பை உள்ளே விட்டு இரண்டு இழுவை இழுத்தவுடன் பழைய ஒயில் முழுவதும் போத்தலுக்கு வந்துவிட்டது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. அடியில் சேர்ந்திருந்த கருஞ்சேறும் சேர்ந்தே வந்தது. இந்த ஒரு வேலைக்காகவே பம்பின் பாதி விலை தகும் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் சிலிண்டரை நான் இம்முறை கழற்றவில்லை. அதைக் கராச்சில் மாற்றி அதிக காலம் ஆகவில்லை. அதன் இரண்டு நீள போல்ற்றையும் வெளியே இழுக்கும்போது முன் சஸ்பென்ஷனின் நீள இரும்புத் தண்டான டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். மாற்றித் தந்த மெக்கானிக் அண்ணை அடுத்தமுறை லேசாக வரட்டும் என்று போல்ற்றை மறுபக்கத்தால் போட்டுவிட்டிருந்தார். அப்படிப்பட்ட கைகளைத் தேடிப் போங்கள்.

ஆறு சிலிண்டரும் புதியவை, மூன்று ஹோஸும் புதியவை என்றால் குழாய்களுக்குள் ஒயிலைவிடக் காற்றுத்தான் அதிகம். பெடலை மட்டும் வைத்து நிரப்பப் போனால் காலும் ஓயும், பொறுமையும் ஓயும். இங்கே பம்ப் தன் பலத்தைக் காட்டியது. மாஸ்டரில் இருந்து மிகத் தூரமான இடது பின் சில்லில் தொடங்கினேன். ரியூப்பைச் செருகி, 15 அங்குலம் வரை இழுத்து, நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். முதலில் வெறும் காற்று, அப்புறம் நுரை, அப்புறம் குழாயில் மிஞ்சியிருந்த தேயிலைச் சாயம் போன்ற பழைய ஒயில், கடைசியில் புதிய ஒயிலின் வெளிறிய நிறம். அங்கிருந்து வலது பின், இடது முன், வலது முன். நான்கையும் தனியாளாக, யாரையும் கூப்பிடாமல், காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே முடித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கவேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் மாஸ்டருக்குள் இருக்கும் கப் எனப்படும் றப்பர், ஒயில் போய்வரும் சிறிய துளையை மூடிக்கொண்டே நிற்கும். நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் ஒயில் ஒழுங்காக இறங்காது. அதே குறையால்தான் ஓட்டம் தொடங்கியபின் பிரேக் தானாக இறுகிச் சூடாகும். பம்ப் வேலை செய்யவில்லை என்று ஆத்திரப்படுவதற்கு முன் பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது, மைனரின் மாஸ்டர் மிகக் கொஞ்ச ஒயிலைத்தான் பிடிக்கும். வாக்குவம் இழுக்கும் வேகத்துக்கு அது சீக்கிரம் காலியாகிவிடும், காலியானால் காற்று புகுந்து எல்லாம் முதலில் இருந்து. சில்லடியில் இருந்து எழுந்து, கதவைத் திறந்து, துளைக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்து, நிரப்பி, திரும்பவும் போய்க் குந்தவேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இது சிரமம்தான்.

இனி, காணாத பாதி.

புது ஒயில் வந்தபிறகும் ரியூப்பில் சிறு குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இதைப் பார்த்துப் பலர் பம்ப் பழுது என்கிறார்கள். அந்தக் குமிழிகளில் பெரும்பகுதி பிரேக் குழாயில் இருந்து வருவது அல்ல. நிப்பிளைத் தளர்த்தியவுடன் அதன் புரியைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுபட்டு ரியூப்புக்குள் வருகிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை நிப்பிளின் புரியில் மட்டும், முனையில் படாமல், ஒரு சுற்று சுற்றினால் வெகுவாகக் குறையும். முனையில் பட்டால் ரேப்பின் துணுக்கு உள்ளே போய்த் துளையை அடைக்கும்.

அது தீர்க்கக்கூடிய குறை. மற்றது டிரம் பிரேக்கின் அமைப்பிலேயே உள்ளது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் கப் றப்பரின் விளிம்பு, உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தால் விரிந்து சுவரோடு ஒட்டும்படி செய்யப்பட்டது. ஒயில் வெளியே வராமல் தடுப்பதற்கு அது கெட்டிக்காரத்தனமான அமைப்பு. ஆனால் நாங்கள் வெற்றிடம் பிடித்து இழுக்கும்போது அழுத்தம் தலைகீழாகிறது. வெளியே காற்றழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. விளிம்பு தளர்ந்து, காற்று கப்பைத் தாண்டி உள்ளே நுழையலாம். இதைத் தடுக்கத்தான் மைனரில் உள்ள லொக்ஹீட் கம்பனி மாஸ்டர் சிலிண்டரின் நுனியில் ஒரு செக் வால்வு வைத்திருக்கிறார்கள். பெடலை விட்ட பின்னும் குழாய்களில் கொஞ்சம் அழுத்தத்தை அது தங்கவைக்கும். அந்த அழுத்தம் கப் விளிம்புகளை விரித்தபடி வைத்திருக்கும். வாக்குவம் பம்ப் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை. ஆகவே பம்பை எவ்வளவு நேரம் இழுத்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் எடுக்கும் காற்றைவிடப் புகும் காற்று கூடிவிடலாம். 20, 25 என்று ஊசியை ஏற்றாதீர்கள். 10க்கும் 15க்கும் இடையில் மெதுவாக இழுப்பதே நல்லது.

பம்பால் நான்கு சில்லையும் முடித்தபின் பெடல் பாதித் தூரத்தில் பஞ்சுபோல நின்றது. சரி என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் சாரதி இருக்கையில், நான் சில்லடியில்.

"அமத்து பிள்ளை, மெதுவா."

"அமத்தியாச்சு அப்பா."

நிப்பிளைத் திறந்தேன். ரியூப்பின் மறுமுனை ஒயில் உள்ள போத்தலுக்குள் மூழ்கியிருந்தது.

"கீழ போயிட்டுது. விடலாமோ?"

"விடாதை, பொறு... இப்ப விடு."

நிப்பிளை மூடிய பிறகுதான் கால் எழும்பவேண்டும். இந்த ஒழுங்கு மட்டும் தவறக்கூடாது. முதலில் இடது பின் சில்லில் இருந்து ஒரு பெரிய குமிழி பொக்கென்று வந்தது, அதன்பிறகு ஒரே நேர்க்கோடாக ஒயில். மற்ற மூன்றிலும் கொஞ்சக் காற்று மிஞ்சியிருந்தது. நாலும் முடிந்தபோது பெடல் மேலேயே நின்றது, காலுக்குக் கல்லுப்போல. பம்ப் முன்பாதியைச் செய்து வைத்திருந்தபடியால் மகளுக்கு அதிக நேரம் இருக்கவேண்டி வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் இந்தக் காருக்குச் சரியான வழி.

காற்றெடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தால் பலன் கூடும். டிரம்மின் துளைக்குள்ளால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர்களைச் சில்லு சுற்றாத அளவுக்கு இறுக்கிவிடுங்கள். முன் சில்லில் இரண்டு அட்ஜஸ்டர், பின்னால் ஒன்று. ஷூ டிரம்மோடு ஒட்டி நிற்கும்போது பிஸ்டன்கள் அதிகம் நகராது, சிலிண்டருக்குள் காற்று தங்கும் இடமும் குறையும். எல்லாம் முடிந்தபின் சில்லு தாராளமாகச் சுற்றும்வரை தளர்த்தவேண்டும். பெடல் கீழே போனாலும் முடிவில் கல்லாக நின்றால் அது காற்று அல்ல, அட்ஜஸ்ட் போதாது. பஞ்சாக இருந்தால் காற்று. கல்லாக நின்று, காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுக்கு, இல்லையென்றால் மாஸ்டருக்குள் கப் விடுகிறது. இந்த மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்தால் தேவையில்லாமல் சாமான் மாற்றவேண்டி வராது. ஒழுக்குத் தேடும்போது பிரேக் லைற் சுவிச்சை மறக்கவேண்டாம். மைனரில் அது பெடலோடு இல்லை, ஒயில் அழுத்தத்தால் வேலை செய்வது. குழாயிலேயே பூட்டியிருக்கும், அங்கேயும் கசியும்.

நடுவில் ஒரு வால்வு வைத்த ரியூப் ஒன்றும் கடைகளில் இருக்கிறது. வாக்குவம் பம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். ஒயில் வெளியே போகும், திரும்ப உள்ளே வராது. தனியாக இருந்து பெடலை மிதிக்கலாம். தத்துவம் நல்லது. ஆனால் மிதிக்கும் நேரத்தில் நிப்பிள் திறந்தே இருக்கும், பெடல் எழும்பும்போது புரியைச் சுற்றிக் காற்று நுழையலாம். வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்ற மட்டும் தேவைப்படுபவர்களுக்கு அது போதும். வெறுமையான குழாயை நிரப்ப வேண்டியவர்களுக்கு வாக்குவம் பம்ப்தான் என் தெரிவு.

செட்டில் எனக்குப் பிடிக்காதவை: போத்தல் மிகச் சின்னது, இரண்டு சில்லுக்குள் நிறைந்துவிடுகிறது. நிறைந்ததைக் கவனிக்காமல் இழுத்தால் ஒயில் பம்புக்குள் போய் அதன் றப்பரைக் கெடுக்கும். மூடியின் இரண்டு வாயில் எது பம்புக்கு, எது நிப்பிளுக்கு என்று குறி இல்லை. உள்ளே நீளக் குழாய் தொங்கும் வாய் நிப்பிளுக்கு உரியது. நான் நெய்ல் பொலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். கூம்பு றப்பர்கள் முன் சில்லின் பின்புறத்துக்கு ஒத்துவரவில்லை, சரிந்து காற்றை விடுகின்றன. நிப்பிளுக்கு இறுக்கமாகப் பிடிக்கும் மெல்லிய சிலிக்கன் ரியூப் ஒரு முழம் வாங்கி நேரே செருகியபோது சரியாயிற்று. விற்பவர்கள் அந்த ரியூப்பையே செட்டுக்குள் போட்டுத் தந்தால் எவ்வளவு நல்லது.

பிரேக் ஒயில் DOT 4 என்ற தரத்தில் விட்டேன். புதிதாகத் திறந்த DOT 3 கொதிப்பது 205 பாகை செல்சியஸில் என்றால் DOT 4 கொதிப்பது 230 பாகையில். இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கொதிநிலை விழும், சிலிண்டரின் உட்சுவர் கறள் பிடிக்கும். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் பாதி பாவித்துவிட்டு அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த போத்தலை நான் பிரேக்குக்கு விடுவதில்லை. சிறிய போத்தலாக வாங்கி, சீல் உடைத்து, மிஞ்சியதை ஒதுக்கிவிடுவேன். ஊதா நிறத்தில் வரும் சிலிக்கன் ஒயிலான DOT 5 வேறு சாதி, மற்ற இரண்டோடும் கலக்கக்கூடாது. எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுப் பட்டாலும் கப் றப்பர் ஊதிப் பெருத்துவிடும். சிலிண்டர்களைக் கழுவ மெதிலேற்றட் ஸ்பிரிற் அல்லது புதிய பிரேக் ஒயில் மட்டும்.

வேலை முடிந்தபின் போத்தலையும் ரியூப்புகளையும் அதே ஸ்பிரிற்றால் கழுவிக் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பம்பின் வாயில் சிலிக்கன் கிறீஸ் ஒரு துளி விட்டு இரண்டு இழுவை இழுத்து வைத்தால் உள் றப்பர் காயாது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு அண்ணை ஒஸ்ரின் A40 வைத்திருக்கிறார், அடுத்த கிழமை பெட்டியைக் கேட்டிருக்கிறார். கொடுக்கும்போது பெடல் மிதிக்க வீட்டில் யார் நிற்பார்கள் என்றும் கேட்டுத்தான் கொடுப்பேன்.